நடு ஜன்னலில் ஒரு கத்திக் கீறல்

மார்ச் 3

அக்காவுக்கு,

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கும். முத்திரை குத்தியது பழைய கட்டடங்களின் பாதுகாப்பு வட்டார அலுவலகத்தின் நோட்டீஸ். அதில் இருப்பது என் கையெழுத்துதான். வேறு யாரையாவது போடச் சொல்லியிருக்கலாம். அக்கா வீடு என்றதும் நழுவிவிட்டான் என்று பேச்சு வரும், அதனால் நானே போட்டேன். இந்த இரண்டாவது தாளைக் கோபப்படாமல் படி.

நம் தெருவில் முகப்பில் ஒரு ஆணி மாற்றுவதென்றாலும் அனுமதி வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் முன்னறையின் மூன்று ஜன்னல்களையும் பெயர்த்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல்களை மாட்டியிருக்கிறாய். புகார் வந்து, ஆள் போய்ப் படம் எடுத்து, அது என் மேசைக்கு வந்தது. படத்தைப் பார்த்து எந்த வீடு என்றே எனக்குத் தெரியவில்லை. கதவு எண்ணைப் படித்த பிறகுதான் நான் பிறந்த வீடு என்று தெரிந்தது.

ஏப்ரல் 17 வரை அவகாசம். அதற்குள் பழைய ஜன்னல்களைத் திரும்ப மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகமே ஆள் அனுப்பி பிளாஸ்டிக்கைப் பெயர்க்கும், வழக்கும் போடும்.

இது முடியும்வரை எனக்குப் போன் பண்ணாதே. அதிகாரியும் வீட்டுக்காரரும் போனில் பேசினால் சலுகை கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் வீட்டுக்கும் வர முடியாது. எதுவானாலும் எழுது.

பழைய ஜன்னல்கள் எங்கே? விறகாக்கிவிடவில்லையே?

தம்பி

*

மார்ச் 7

தம்பிக்கு,

நோட்டீஸ் வந்தது. கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது. கணக்கில் பதினெட்டு வாங்கியபோது உன் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நான் போட்டுக்கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்கு இந்த வேலை இருந்திருந்தால் என்மேல் அதற்கும் ஒரு கேஸ் போட்டிருப்பாய்.

ஜன்னல்கள் மாடிப்படிக்கு அடியில் போர்வை சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. பெயர்த்தேனே தவிர உடைக்கவில்லை. இரண்டு தாளிலும் தேடிப் பார்த்தேன், என் புருஷன், உன் மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஜன்னலைத்தான் விசாரித்திருக்கிறாய்.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முப்பது வருஷம் அச்சகத்தில் மையையும் தாள் தூசியையும் தின்ற நுரையீரல், மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். ஆக்சிஜன் மெஷின் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறது. மாடி ஏற முடியாததால் முன்னறைதான் அவருக்கு உலகம். அந்த அறைக்குள் உன் அருமை ஜன்னல் வழியாக என்னென்ன வந்தது தெரியுமா? பஸ் புகை, மண், குளிர், லாரி ஹாரன். இடுக்கில் எல்லாம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தேன், டேப் ஒட்டினேன். காலையில் தலையணை உறையைத் தட்டினால் கறுப்பாக உதிரும். "இந்த அறை அடைபடலேன்னா நான் மாத்திரை குடுத்துப் பிரயோஜனமில்லம்மா" என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினேன். எட்டு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிய மனுஷர் அன்று கட்டிலில் படுத்துத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

புகார் கொடுத்தது எதிர்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர்தானே? பாரம்பரியத்தின்மேல் அவருக்கு அப்படி ஒன்றும் பாசம் இல்லை. புதுக் கண்ணாடியில் பட்ட வெயில் அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியில் போய் விழுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் மாட்டமாட்டேன். அந்த ஜன்னல்களைப் பற்றி என்னை ரொம்பப் பேச வைக்காதே.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

மாமாவைப் பற்றிக் கேட்காதது தப்புதான். ஆனால் நாம் எழுதுவதெல்லாம் நாளைக்குக் கோப்பில் சேரலாம் என்பதால் நான் ஒவ்வொரு வரியையும் எண்ணி எழுதுகிறேன்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். முகப்பில் இருக்கும் ஜன்னல் அசல் இல்லை, பிறகு யாரோ மாற்றியது என்றால், அதே தோற்றத்தில் மரத்தில் புதிதாகச் செய்துகொள்ள அனுமதி உண்டு. இரட்டைக் கண்ணாடிகூடப் போடலாம், காற்று புகாது. ஆனால் வீடு கட்டியபோதே வைத்த அசல் ஜன்னல் என்றால் கை வைக்கவே முடியாது. உன் ஜன்னல்கள் அசல். உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி போடலாமா என்றும் பார்த்தேன். நம் வீட்டு ஜன்னல் கதவுகள் உள்ளே திறப்பவை, இடிக்கும்.

அசல் என்று யார் சொன்னது என்று கேட்பாய். நான்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு அட்டை எழுதினோம். மற்ற வீடுகளுக்கெல்லாம் ஏணியோடு போனேன். நம் வீட்டு அட்டையை மட்டும் ஆபீஸ் மேசையிலேயே எழுதினேன். நம் வீட்டைப் பார்க்க நான் ஏன் போக வேண்டும்? மூன்று ஜன்னல், ஆறு கதவு, அலையோடும் பழைய கண்ணாடி, நடு ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் ஒன்பது வயதில் நான் பேனாக்கத்தியால் போட்ட கீறல் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தெருவையே முதல் தரத்தில் சேர்த்தார்கள்.

மாமாவைப் பின்னறைக்கு மாற்றிவிடு. அங்கே தெருப் புகை வராது.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

பின்னறை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். நடுக்கூடத்திலிருந்து பின்னறைக்கு மூன்று படி இறங்க வேண்டும், குளியலறைக்கு அதே மூன்று படி ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சொல்கிறவனுக்கு அந்தப் படிகள் ஞாபகம் வரவில்லையா? சுவர் வேறு ஈரம் கோத்துப் பச்சையாக இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "உன் தம்பிகிட்ட கேளு... அறை மாறலாம்... நுரையீரலும் ஒண்ணு... மாத்தித் தருவானா?" என்கிறார். மூன்று தடவை மூச்சு வாங்கித்தான் அந்தக் கேலியைச் சொல்லி முடித்தார்.

நேற்று உன் ஆபீஸ் ஆள் வந்து நோட்டீஸ் நகலை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று படிக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தார்.

உன் அட்டையில் ஒரு தப்பு இருக்கிறது. எது என்று என்னால் சொல்ல முடியாது, அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ வந்து அந்த நடு ஜன்னலைத் திருப்பி, சுவருக்குள் புதைந்திருந்த அடிப்பக்கத்தைப் பார். உன் கண்ணால் நீ பார்த்தால் நான் சொன்னதாக ஆகாது. காலையில் வந்து மத்தியானம் ரயில் ஏறிவிடலாம். அரை நாள் லீவு போடு, போதும்.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

நான் வர முடியாது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ஜன்னலே என் தொழில். அதில் நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். அப்பா போய்ப் பதினொரு வருஷம் கழித்து, யாரும் சரிபார்க்க முடியாத ஒரு சத்தியத்தை இழுத்து வருகிறாய். வெளியாள் இப்படி எழுதியிருந்தால் இரண்டாவது வரியிலேயே கோப்பை மூடியிருப்பேன்.

அட்டையில் தப்பு என்று வீட்டுக்காரர் எழுத்தில் சொன்னால் சோதனை செய்தே ஆக வேண்டும். எங்கள் ஆபீஸ் உதவி ஆய்வாளர் அம்மாவை அனுப்புகிறேன். 25ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து மூன்று ஜன்னல்களையும் அளந்து, நாலு பக்கமும் படம் எடுப்பார். அவர் அசல் என்று எழுதினால் அதோடு பேச்சு முடிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமாவின் மூச்சைக் காட்டி என்னை வளைக்கப் பார்க்காதே.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடைசி வரியை மாமா படித்துவிட்டார். நான் மறைத்து வைப்பதற்குள் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மடித்து உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். உன்னை நான் மன்னிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே தெரியாது.

ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் 25ஆம் தேதி நீ மாட்டிக்கொள்வாய். சத்தியத்தை உடைக்கிறேன். அப்பா என்னைத் திட்டினால் திட்டட்டும்.

அந்த ஜன்னல்கள் அசல் இல்லை. நீ கட்டடப் பாதுகாப்புப் படிக்கிறேன் என்று கிளம்பிப் போனாயே, அந்த வாரமே அசல் ஜன்னல்களை அப்பா விற்றுவிட்டார். உன் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ஹோட்டலின் முதலாளி அப்போது பழைய ஜன்னலாகத் தேடித்தேடி வாங்கிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு வட்டாரம் என்ற பேச்சே அன்றைக்கு இல்லை, அதனால் அப்பா செய்தது குற்றமும் இல்லை. அதில் வந்ததுதான் உன் முதல் வருஷப் படிப்பு. விடுதியில் சேர அப்பா கொடுத்தனுப்பியது அந்த முதலாளி முன்பணமாகத் தந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

தச்சரை உட்கார வைத்து அச்சு அசலாக நகல் செய்தார். இடிந்த பள்ளிக்கூடத்திலிருந்து அலையோடும் கண்ணாடி வாங்கி வந்தார். எல்லாம் முடிந்த பிறகு எதையோ மறந்தவர் மாதிரி நின்றுவிட்டு, நடு ஜன்னலின் கீழ்ச் சட்டத்தைக் காட்டி, "இங்க மூணு கீறல், குறுக்க ஒண்ணு. உளியால போடுங்க" என்றார். தச்சர் சிரித்தார். "புது மரத்தை யாருங்க கெடுப்பாங்க?" அப்பா சிரிக்கவில்லை. "சின்னவன் வந்தா முதல்ல அதைத்தான் தடவிப் பாப்பான்." அப்புறம் என்னிடம், "அவன் பழைய ஜன்னலைக் காப்பாத்தத்தான் படிக்கப் போறான். அதையே வித்துதான் படிக்க வெச்சேன்னு தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்து நிப்பான். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார். லீவில் நீ நண்பர்களைக் கூட்டிவந்து, "தொட்டுப் பாருங்கடா, ஜன்னலுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று அந்தக் கீறலைத் தடவிக் காட்டியபோது அப்பா அடுத்த அறைக்குப் போய் இருமிக்கொண்டே இருந்தார்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரில்லையா, எதற்கும் தேதி போட்டே பழக்கம். சுவருக்குள் போகிற அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வருஷத்தோடு எழுதியிருக்கிறார்: "நடு ஜன்னல். மாற்றியது ஜூன் 21. சின்னவன் கிளம்பி மூன்றாம் வாரம்." உதவி ஆய்வாளர் ஜன்னலைத் திருப்பினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அதை விட்டுவைத்தால் மாமா முன்னறையிலேயே இருக்கலாம், ஆனால் பார்க்காமலே அட்டை எழுதினாய் என்று உன் வேலைக்கு ஆபத்து. தேய்த்துவிட்டால் உன் வேலை தப்பும், நான் பழைய ஜன்னலை மாட்டியாக வேண்டும். உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். நீ சொல்வதைச் செய்கிறேன். கூரியரில் பதில் போடு.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

படித்தேன்.

என் இருநூற்றுச் சொச்சம் அட்டைகளும் சந்தேகத்துக்கு வரும். என்னால் நோட்டீஸ் வாங்கியவர்கள் எல்லாரும் வாசலில் வந்து நிற்பார்கள். பத்தொன்பது வருஷம்.

தேய்த்துவிடு. மாமாவுக்கு வேறு வழி நான் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

*

மார்ச் 29

தம்பிக்கு,

தேய்த்துவிட்டேன்.

கூரியர்காரர் பத்து மணிக்கு வந்தார், அந்த அம்மா பன்னிரண்டுக்கு வந்தார். நடுவில் இரண்டு மணி நேரம் மாடிப்படிக்கு அடியில் குந்தியிருந்து அப்பா எழுத்தைத் தேய்த்தேன். தேதி உடனே போய்விட்டது. "சின்னவன்" மட்டும் போகவே இல்லை. அந்த இடத்தில் பென்சிலை அழுத்தியிருக்கிறார். தேய்த்துத் தேய்த்து மரமே குழிந்த பிறகுதான் போனது.

உதவி ஆய்வாளர் நல்ல மனுஷி. அளந்தார், தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். அந்தக் குழியில் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றார். "எலி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அட்டையில் உள்ளபடி அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் ஜன்னல் மாற்ற ஆள் சொல்லியாயிற்று. அதற்கு முன்னால் மாமாவைப் பழக்கலாம் என்று 27ஆம் தேதி பின்னறையில் படுக்கவைத்தேன். மறுநாள் காலையில் குளியலறைக்குப் போக எழுந்தவர் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர்தான் வண்டி பிடித்து ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாய். இதை எழுதுவது அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான்.

வேறு வழி பார்க்கிறேன் என்றாய். பார்த்தாயா? உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்க நேரம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் ஆபீஸிலிருந்து எழுந்து அந்த ஹோட்டலுக்கு நடந்து போனேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் தடுப்பாக நம் வீட்டு ஜன்னல்கள் நிற்கின்றன. அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களை நாலு தடவை அங்கே அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "இது இருக்க வேண்டிய இடம் ஒரு வீடு. இதை வித்தவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்திருக்காது" என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவைத்தான் சொன்னேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நாலு தடவையும் நான் குனிந்து பார்க்கவில்லை. இந்தத் தடவை மண்டி போட்டேன். நடு ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் மூன்று கீறல், குறுக்கே ஒன்று, விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று எட்டிப் பார்த்தாள். அந்தக் கீறலை ஒரு படம் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

உதவி ஆய்வாளர் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் வீட்டுக் கீறல் கூர்மையாக, உளியால் வெட்டியது. ஒரே கீறல் இரண்டு ஊரில் இரண்டு ஜன்னலில் இருக்க முடியாது. பென்சில் எழுத்து போனாலும் இது போதும்.

இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டையை நான் பார்க்காமல் எழுதினேன், ஜன்னல்கள் நகல், அதற்குச் சான்றாக இருந்த எழுத்து என் சொல்படி அழிக்கப்பட்டது என்று மூன்றையும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "நீங்களேவா எழுதினீங்க?" என்றார். இன்று காலையிலிருந்து நான் தற்காலிக நீக்கத்தில் இருக்கிறேன். விசாரணை நடக்கும். என் அட்டைகளை எல்லாம் வேறு ஆட்கள் வீடுவீடாகப் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள். உன் நோட்டீஸ் ரத்து.

மாமாவின் மூச்சைக் காட்டி என்று எழுதினேனே, அந்த வரியை உப்புத்தாளால் தேய்க்க முடியாது. அக்கா, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். பயந்துபோய் அப்பா எழுத்தை உன் கையாலேயே அழிக்க வைத்தேன். அதற்கு உன்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

இனி உன் வீட்டுக்கு நான் அதிகாரி இல்லை. யார் வீட்டுக்கும் இல்லை. போன் பண்ணலாம்.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

போன் பண்ணலாம் என்று எழுதியிருந்தாய். நாலு தடவை எடுத்து வைத்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் உன்னைத் திட்ட முடியாது. அதனால் இதையும் கடிதமாகவே வாங்கிக்கொள்.

மாமா வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. முன்னறைக் கட்டிலில், பிளாஸ்டிக் ஜன்னலுக்குக் கீழே படுத்திருக்கிறார். முன்பைவிட மெலிவு, மெஷினை ஒரு நிமிஷம்கூட எடுக்க முடியவில்லை. ஆனால் படுத்துத் தூங்குகிறார். உன் கடிதத்தை அவரே கேட்டு வாங்கிப் படித்தார். "வேலை போயிடுச்சா... அப்ப லீவு கேட்க வேண்டியதில்ல... வரச் சொல்லு" என்றார். அவர் மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். நான் இன்னும் இல்லை.

உன் இடத்துக்கு இப்போது அந்த உதவி ஆய்வாளர் அம்மாதான். வந்தார். ஆகஸ்ட் வரை பிளாஸ்டிக் இருக்கலாம், அதற்குள் பழைய அளவிலேயே மரத்தில், இரட்டைக் கண்ணாடி வைத்துச் செய்துகொள்ளலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். போகும்போது வாசலில் திரும்பி, "எலி ரொம்பப் படிச்ச எலி போலிருக்கும்மா" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் தன் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டார்.

நேற்று தச்சர் அளவெடுக்க வந்தார். அப்பாவுக்கு நகல் செய்தவர் இல்லை, வேறு ஆள். மாதிரிக்குப் பழைய நடு ஜன்னலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துக் கொண்டியிலிருந்து கீல்வரை எல்லாம் குறித்துக்கொண்டார். கீழ்ச் சட்டத்தில் அந்தக் கீறல்களைக் கண்டு கையை நிறுத்தினார். "இதையும் அப்படியே போடணுமாம்மா?" என்று கேட்டார்.

வேண்டாம், அதைப் போடுகிறவன் வருவான் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா